மூணு பவுண்டு சட்டையில் ஒரு குர்த்தி (கூடவே கொஞ்சம் வரலாறு)

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு நினைச்சு தள்ளிப் போட்ட பதிவு இது. ஆராய்ச்சி, ஆய்வகம், வழிகாட்டிகிட்ட வாங்கிக் கட்டிக்கிறதுன்னு நாள் போயிடுது. இன்னிக்கு வெளியில சாத்து சாத்துன்னு மழை. தையல் மெஷினும் மேஜையிலேயே உக்காந்திருக்கு. எழுதிடலாம்.

பிரிட்டனுக்குப் படிக்க வர்ற நம்ம ஊர் ஆளுங்க முதல் மாசம் கத்துக்கிற பாடம் ஒண்ணு உண்டு. எதை எடுத்தாலும் நூத்துச் சொச்சத்தால பெருக்கிப் பாக்கறது. காப்பி மூணு பவுண்டா, அப்போ முந்நூறு ரூபாய்க்கு மேல! அந்த வியாதி இருக்கிற வரைக்கும் இங்கே துணிக்கடைக்குள்ள காலெடுத்து வைக்க மனசு வராது. அப்படி இருக்கிறவங்களுக்கு ஒரு நல்ல சேதி, இங்கே எல்லா ஊர் கடைத்தெருவிலயும் இருக்கிற தர்மக்கடைகள். சேரிட்டி ஷாப்னு சொல்லுவாங்க. ஜனங்க தங்களோட பழைய துணி, புத்தகம், பீங்கான் எல்லாத்தையும் சும்மா கொண்டு வந்து கொடுப்பாங்க. கடைக்காரங்க விலை போட்டு வித்து, வர்ற பணத்தை நல்ல காரியத்துக்குச் செலவு பண்ணுவாங்க. ஆக்ஸ்ஃபாம் 1940களின் கடைசியில் ஆக்ஸ்ஃபோர்ட் நகரத்து பிராட் தெருவில் ஆரம்பித்த கடை இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது. புற்றுநோய் ஆராய்ச்சி, இதய நோய், முதியோர் நலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கடை வரிசை.

அங்கே தொங்கற துணியை அப்படியே போட்டுக்கறது ஒரு வழி. ஆனா நம்ம உடம்புக்கும் இந்த ஊர் அளவுக்கும் ஏழாம் பொருத்தம். தோள் சரியா இருந்தா கை முட்டிக்குக் கீழ தொங்கும், கை சரியா இருந்தா இடுப்பு பிடிக்கும். அதனால நான் போறது ரெண்டாவது வழி. அதை துணியா மட்டும் பாக்கறது, வெட்டறது, புதுசா தைக்கிறது. இந்தப் பதிவு அதைப் பத்தி. நடுவுல கொஞ்சம் வரலாறும் எங்க அம்மாவும் வருவாங்க, பொறுத்துக்கோங்க :-)

எதை வாங்கறது?

கடைக்குள்ள போனதும் உடுப்போட வடிவத்தை மறந்துடுங்க. கலரையும் மறந்துடுங்க (கொஞ்சமாவது). முதல்ல பாக்க வேண்டியது உள்பக்கம் தைச்சிருக்கிற சின்ன லேபிள். நூறு சதவீதம் பருத்தி, லினன், கம்பளி, பட்டு, இப்படி இருந்தா கையில எடுங்க. புது லினன் இங்கே மீட்டர் என்ன விலைன்னு கேட்டுப் பாருங்க, அப்போ தெரியும் அந்த பழைய லினன் பேண்ட்டோட அருமை.

லேபிளை வெட்டியிருந்தா, வீட்டுக்கு வந்து உள்தையல்ல இருந்து நாலு நூலை உருவி, இடுக்கியில பிடிச்சு, தண்ணித் தொட்டி பக்கத்துல நின்னு கொளுத்திப் பாக்கலாம். பருத்தியும் லினனும் காகிதம் எரியற வாசனையோட எரிஞ்சு மெல்லிய சாம்பலாகும். கம்பளியும் பட்டும் முடி கருகற நாத்தம் அடிக்கும், சாம்பல் கையில பொடியும். பாலியஸ்டர் உருகி, ஆறினதும் கெட்டி மணியா உருண்டுக்கும். (விடுதி அறையில புகை அலாரம் இருக்கும். ஜன்னலைத் திறந்து வச்சுக்கோங்க, மொத்தக் கட்டடத்தையும் ராத்திரி வெளியில நிறுத்தாதீங்க.)

அடுத்தது, வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாக்கணும். அக்குள், முழங்கை, தொடை, இந்த இடங்கள்ல துணி நைஞ்சிருக்கும். அங்க வெளிச்சம் ஊடுருவினா அந்தப் பகுதி உபயோகமில்லை, மீதியில நமக்குத் தேவையானது தேறுமான்னு கணக்குப் போடணும். கடைசியா, உள்தையல்ல எவ்வளவு துணி விட்டிருக்காங்கன்னு பாருங்க. பழைய காலத்து உடுப்புல தாராளமா விட்டிருப்பாங்க. இப்ப வர்ற மலிவு உடுப்புல ஓவர்லாக் ஓரத்துக்குப் பக்கத்திலயே தையல் ஓடும். பிரிச்சா ஒண்ணும் மிஞ்சாது.

உடுப்புப் பக்கம் மட்டும் சுத்தாம, படுக்கை விரிப்பு, திரைச்சீலை அடுக்கி வச்சிருக்கிற மூலைக்கும் போங்க. புதையலே அங்கதான் இருக்கு.

வந்ததும் செய்ய வேண்டியது

துவைக்கணும். வெட்டறதுக்கு முன்னாடியே. பருத்தின்னா 60 டிகிரியில துவைங்க. சுருங்கறதா இருந்தா இப்பவே சுருங்கிடும், பூச்சி புழு இருந்தாலும் போயிடும். கம்பளியை அப்படித் துவைச்சா குழந்தை சட்டை அளவுக்கு வந்துடும். அதுக்கு வேற வைத்தியம், பிளாஸ்டிக் பையில இறுக்கிக் கட்டி உறைபெட்டியில ரெண்டு வாரம் வச்சுட்டா அந்துப்பூச்சியும் அதோட முட்டையும் காலி. (அறைத்தோழிகிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க. கறிப் பொட்டலம்னு எடுத்துடப் போறாங்க.)

அப்புறம் இஸ்திரி. தையல்ல பாதி வேலை இஸ்திரிப் பெட்டிதான் செய்யுதுன்னு எந்த டெய்லர் கடை அண்ணனைக் கேட்டாலும் சொல்லுவார். பிரிச்ச துணியில பழைய மடிப்பு இருந்தா அளவே தப்பாயிடும்.

சாமான்: நல்ல கத்தரி (காகிதம் வெட்டற கத்தரி வேற, இது வேற), இஞ்ச் டேப், டெய்லர் சாக், குண்டூசி, தையல் பிரிக்கிற முள். ஊசி நம்பர் துணியைப் பொறுத்தது. சட்டைத் துணிக்கு 80, பட்டு மாதிரி மெல்லிசுக்கு 65 அல்லது 70, ஜீன்ஸுக்கு 100. டீசர்ட் மாதிரி இழுபடற துணிக்கு முனை உருண்ட ஊசி தனியா உண்டு, சாதா ஊசி போட்டா கண் விழுந்து ஓட்டை ஓட்டையா நிக்கும். மெஷின் இல்லேன்னாலும் பரவாயில்லை, கைத்தையல்ல பின்தையல் போட்டா உறுதியாவே நிக்கும். நேரம்தான் ஆகும்.

நூல், பட்டன், இலாஸ்டிக்குக்கு நான் போறது லீட்ஸ் கர்க்கேட் மார்க்கெட். மைக்கேல் மார்க்ஸ்னு ஒருத்தர் 1884-இல் எது எடுத்தாலும் ஒரு பென்னின்னு கடை போட்டு, பின்னாடி மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரா வளர்ந்தது இந்த மார்க்கெட்லதான். நம்ம ஊர் ‘எது எடுத்தாலும் பத்து ரூபாய்’ கடைக்கு இங்க ஒரு பெரியப்பா இருந்திருக்கார்!

முதல் வேலை: ரெண்டு சட்டை, ஒரு குர்த்தி

ஆம்பளைங்க எக்ஸ்எல் சட்டை ரெண்டு எடுத்துக்கங்க. ஒண்ணு கட்டம், ஒண்ணு சாதா, இல்லைன்னா ஒரே நிறத்துல வேற வேற அழுத்தம். ரெண்டும் ஒரே கனமா இருக்கணும், அது முக்கியம்.

முதல் சட்டையில கைகளையும் பையையும் பிரிங்க. காலர்ல மேல மடங்கற பகுதியை மட்டும் பிரிச்சு எடுத்துட்டு, கீழ நிக்கிற பட்டியை அப்படியே விட்டு, வாயை மூடித் தைச்சா அழகான நின்ன காலர் கிடைச்சிடும். பட்டன் எல்லாம் போட்டு சட்டையைத் தரையில விரிங்க. அது மேல உங்களுக்கு நல்லாப் பொருந்தற குர்த்தி ஒண்ணை, நடுக்கோடும் பட்டன் பட்டியும் ஒண்ணா வர்ற மாதிரி வைங்க. தோள்லயும் கைக்குழியிலயும் அரை இஞ்ச், பக்கவாட்டுல ஒரு இஞ்ச் தள்ளி சாக்கால வரைஞ்சு வெட்டுங்க. பக்கவாட்டுல அந்த ஒரு இஞ்ச் வேணும். நாளைக்கே ஊருக்குப் போய் அம்மா சமையல் ஒரு மாசம் சாப்பிட்டா பிரிச்சு விட்டுக்கலாம் ;-)

உயரம் தோள்ல இருந்து இடுப்பு வரைக்கும் 15 இஞ்ச், அதோட தையலுக்கு அரை இஞ்ச் விட்டு கீழ வெட்டிடுங்க. (உங்க இடுப்பு எங்க இருக்குன்னு அளந்துக்கங்க, ஆளாளுக்கு மாறும்.)

ரெண்டாவது சட்டையை அக்குளுக்குக் கீழ நேர்க்கோடா வெட்டுங்க. கீழ்ப்பகுதி சுமார் 20 இஞ்ச் உயரம் கிடைக்கும். ஏற்கெனவே ஓரம் மடிச்சுத் தைச்சது, பட்டன் பட்டியும் இருக்கு. சுத்தளவு 48 இஞ்ச் பக்கம் வரும். நமக்கு வேண்டியது 36. அந்த 12 இஞ்சைச் சுருக்கா மாத்தணும். மேல் விளிம்புல தையல் நீளத்தைப் பெரிசா வச்சு கால் இஞ்ச் இடைவெளியில ரெண்டு வரி ஓட்டுங்க, முனையில கெட்டித்தையல் போடாதீங்க. அடி நூல் ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சு மெதுவா இழுத்தா துணி கொசுவம் மாதிரி சுருங்கி வரும். பட்டன் பட்டியில சுருக்கு விழக்கூடாது. மேல்பகுதியோட பட்டியும் கீழ்ப்பகுதியோட பட்டியும் ஒரே கோட்டுல சேரணும். அது சேர்ந்துட்டா பாக்கறவங்களுக்கு ரெண்டு சட்டைன்னு தெரியவே தெரியாது.

கைக்கு, பிரிச்சு வச்ச பழைய கையையே உங்க குர்த்திக் கை அளவுக்கு வெட்டிக்கங்க. மணிக்கட்டுப் பட்டியை எடுத்துட்டா முக்கால் கை. மொத்தச் செலவு ஆறேழு பவுண்டு, அதாவது சட்டை ரெண்டு, நூல்கண்டு ஒண்ணு. காஜா எடுக்கற வேலையே இல்லைங்கறது பெரிய நிம்மதி. தையல் தெரிஞ்சவங்களுக்கு அதோட அருமை புரியும்.

ரெண்டாவது வேலை: ரஜாய் உறையில் சுத்துப் பாவாடை

இங்கே ரெண்டு பேர் படுக்கிற கட்டிலுக்கான ரஜாய் உறை 200 செ.மீ. அகலம், 200 செ.மீ. நீளம். அதுல ரெண்டு பக்கம். அப்படின்னா எட்டு சதுர மீட்டர் துணி! பருத்தியா பாத்து எடுத்தா அஞ்சு பவுண்டுக்குள்ள முடிஞ்சிடும். ஒரு பக்கத்துல ஒட்டே இல்லாம முழு வட்டப் பாவாடை ஒண்ணு வெட்டலாம். கணக்கு இதோ.

இலாஸ்டிக் பாவாடை இடுப்பு எலும்பைத் தாண்டி இறங்கணும், அதனால இடுப்பின் பெரிய சுத்தளவை எடுத்துக்கணும். 36 இஞ்ச்னு வைங்க. தளர்ச்சிக்கு 2 கூட்டினா 38. அதை 6.28-ஆல வகுத்தா 6 இஞ்ச். (பள்ளிக்கூடத்துல பை மதிப்பு எதுக்குப் படிச்சோம்னு கேட்டவங்களுக்கு, இதுக்குத்தான்.) துணியை நாலா மடிச்சு, மடிப்பு மூலையில டேப்பை வச்சு, தையலுக்கு அரை இஞ்ச் உள்ள தள்ளி 5½ இஞ்ச்ல கால் வட்டம் போடுங்க. பாவாடை நீளம் 30 இஞ்ச்னா, அதே மூலையில இருந்து 36½-ல இன்னொரு கால் வட்டம். நாலா மடிச்ச துணி 39 இஞ்சுக்குக் கொஞ்சம் மேல இருக்கும், அதனால தாராளமா அடங்கும்.

வெட்டின பாவாடையை உடனே ஓரம் மடிக்காதீங்க. ஒரு ராத்திரி தொங்க விடுங்க. வட்டத்துல சில பாகம் நேர் நூலா விழும், சில பாகம் கிராஸா விழும். கிராஸா விழற இடம் தன் எடையிலயே இறங்கும். மறுநாள் தரையில இருந்து அளந்து சமப்படுத்திட்டு அப்புறம் மடிங்க. மேல, மிச்சத் துணியில 39 இஞ்ச் நீளம், 3 இஞ்ச் அகலத்துல ஒரு பட்டி வெட்டி, ரெண்டு முனையையும் சேர்த்து வளையமாக்கி, பாவாடையோட இணைச்சு உள்பக்கம் மடிச்சுத் தைச்சு, சின்ன வாய் விட்டு முக்கால் இஞ்ச் இலாஸ்டிக்கை நுழைச்சா முடிஞ்சது. உறையோட இன்னொரு பக்கம் அப்படியே மிச்சம் இருக்கு. தோழிக்கு ஒண்ணு தைச்சுக் கொடுங்க, பதிலுக்கு பிரியாணி கேளுங்க.

இதெல்லாம் இவங்களுக்குப் புதுசில்லை

இந்த ஊர்ல வயசானவங்ககிட்ட இதைப் பத்திப் பேசினா உடனே போர்க்காலக் கதைக்குப் போயிடுவாங்க. 1941 ஜூன் 1-ஆம் தேதி பிரிட்டனில் துணிக்கு ரேஷன் வந்தது. விஷயம் முன்கூட்டியே கசிந்தால் ஜனங்கள் கடைகளைக் காலி செய்துவிடுவார்கள் என்று தனி அட்டை கூட அச்சடிக்கவில்லை. உணவு ரேஷன் அட்டையில் மிச்சமிருந்த மார்ஜரின் கூப்பன்களைத்தான் முதலில் துணிக்குக் கொடுக்கச் சொன்னார்கள். முதல் வருஷம் ஆளுக்கு 66 கூப்பன். ஆண்களின் முழு சூட் ஒன்றுக்கே 26 கூப்பன், பெண்களின் கம்பளி கவுனுக்கு 11. போகப் போக கூப்பன் எண்ணிக்கையும் குறைந்தது. ரேஷன் முடிந்தது 1949 மார்ச்சில்தான். போர் முடிந்து கிட்டத்தட்ட நாலு வருஷம் கழித்து!

1943-இல் அரசாங்கமே ‘மேக் டூ அண்ட் மெண்ட்’ என்று ஒரு கையேடு வெளியிட்டது. இருப்பதை ஒட்டுப் போட்டு, பிரித்து, திருப்பித் தைத்து எப்படிச் சமாளிப்பது என்று சொல்லிக் கொடுக்கும் புத்தகம். காலர் நைந்து போனால் அதைப் பிரித்து மறுபக்கம் திருப்பி வைத்துத் தைப்பது அந்தக் காலத்து அன்றாட வேலை. போருக்குப் போன ஆண்களின் சூட்டைப் பிரித்து பெண்கள் தங்களுக்கு கோட்டும் பாவாடையும் தைத்துக்கொண்டார்கள். கட்டாயத்துல செஞ்சது, ஆனா அதுல ஒரு கர்வமும் இருந்தது.

அந்தக் கர்வம் இன்னும் போகலை. 1997-இல் அனிக்கா சாண்டர்ஸ், கெர்ரி சீகர் என்ற இரண்டு பெண்கள் லண்டனில் ‘ஜங்கி ஸ்டைலிங்’ என்ற பெயரில் பழைய ஆண் சூட்டுகளைப் பிரித்து நாகரிக உடுப்பாக்கி விற்றுப் பேர் வாங்கினார்கள். பிபிசியில் 2013-இல் ஆரம்பித்த ‘கிரேட் பிரிட்டிஷ் சூயிங் பீ’ தையல் போட்டியில் ஒரு சுற்றே இதுதான். பழைய உடுப்பைக் கொடுத்து, குறைந்த நேரத்தில் வேறொன்றாக மாற்றச் சொல்வார்கள்.

அம்மா சொன்னது

இப்ப அம்மா கதைக்கு வரேன்.

முதல் குர்த்தியை வீடியோவுல காமிச்சப்போ அம்மா முகம் மலர்ந்துச்சு. துணி எங்க வாங்கினேன்னு சொன்னதும் அப்படியே சுருங்கிடுச்சு. “யாரு போட்டதோ என்னவோ... செத்தவங்க துணியா இருந்தா?” அப்படின்னாங்க. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் மெதுவா, “காசு இல்லைன்னா சொல்லியிருக்கலாம்ல, அனுப்பியிருப்பேனே”ன்னாங்க.

அந்த ரெண்டாவது வாக்கியத்துக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. எங்க பாட்டி மன்னார்குடி பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவங்க. பொங்கலுக்கு பண்ணை வீட்டுல இருந்து வர்றது அந்த வீட்டு அம்மா கட்டிக் கழிச்ச புடவை. கொல்லைப் பக்கம் நின்னு வாங்கணும். கையில கொடுக்க மாட்டாங்க, போடுவாங்க. அந்தப் புடவையைக் கிழிச்சுத் தைச்ச பாவாடையை அம்மா பள்ளிக்கூடத்துக்குக் கட்டிட்டுப் போனா, அந்த வீட்டுப் பொண்ணு அதே வகுப்புல உக்காந்திருக்கும். அடையாளம் தெரியாம இருக்குமா? எங்களுக்கு வருஷம் ஒரு துணியானாலும் கடையில எடுத்த புதுத்துணிதான்னு அம்மா ஒரு வைராக்கியமா வச்சிருந்தாங்க. கடன் வாங்கியாவது தீபாவளிக்கு எடுத்தாங்க. இப்ப பொண்ணு சீமைக்குப் போய் பழைய துணியை காசு கொடுத்து வாங்கி, பெருமையா வேற காமிக்கிறா. எப்படி இருந்திருக்கும்?

நம்ம ஊர்ல பழைய துணி யார்கிட்ட இருந்து யாருக்குப் போகுதுங்கறதுல சாதியும் கூலியும் பின்னிக் கிடக்கு. பழைய புடவைக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கறவர் வாசல்ல வந்து நின்னாலும், அந்தப் புடவையை அடுத்து யார் கட்டுவாங்கன்னு நாம யோசிச்சதில்லை. இங்க தர்மக்கடையில பேராசிரியரும் வாங்கறார், நானும் வாங்கறேன், விலை ரெண்டு பேருக்கும் ஒண்ணு, கல்லாவுல இருக்கிறவர் சிரிச்சு நன்றி சொல்லி கையில கொடுக்கறார். அந்த ‘கையில கொடுக்கறது’தான் வித்தியாசம். விருப்பப்பட்டு பழசு உடுத்தறதுக்கும், வேற வழியில்லாம உடுத்தறதுக்கும் நடுவுல இருக்கிற தூரத்தை, அம்மா மாதிரி கடந்து வந்தவங்களுக்குத்தான் அளக்கத் தெரியும். ‘பழசு போடறது ஃபேஷன், பூமிக்கு நல்லது’ன்னு அவங்ககிட்ட நான் வகுப்பு எடுக்க முடியாது. எடுக்கவும் இல்லை. பாட்டி கதையை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன், அவ்வளவுதான்.

அம்மா எங்க தெருவுக்கே பள்ளிச் சீருடை தைச்சுக் கொடுத்தவங்க. பாவாடையில உள்மடிப்பு வச்சுத் தைச்சு வருஷா வருஷம் ஒரு மடிப்பைப் பிரிச்சு விடுவாங்க, ஒரே பாவாடை மூணு வகுப்பு தாண்டும். அடுத்த வாரம் அவங்களே கூப்பிட்டு, “அந்தக் குர்த்தியை இன்னொரு தடவை காட்டு”ன்னாங்க. காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, “வலது தோள் இறங்கி நிக்குது பாரு. கையைப் பிரிச்சு அரை இஞ்ச் ஏத்தித் தை”ன்னாங்க. சமாதானம் ஆயிட்டாங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா அரை இஞ்ச் ஏத்தினதும் தோள் கச்சிதமா உக்காந்துச்சு.

விக்காத துணி எங்கே போகுது?

‘செத்தவங்க துணி’ன்னு அம்மா சொன்னதுக்கு உலகத்தோட இன்னொரு மூலையில ஒரு எதிரொலி இருக்கு. மேற்கு ஆப்பிரிக்காவில் கானா நாட்டுத் தலைநகர் அக்ராவில் காண்டமாண்டோ என்று மிகப் பெரிய பழந்துணிச் சந்தை உண்டு. பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் கழித்த துணி மூட்டை மூட்டையாக அங்கே போய் இறங்குகிறது. அந்தத் துணிக்கு அங்கே வழங்கும் பேர் ‘ஒப்ரோனி வாவு’. செத்த வெள்ளைக்காரன் துணி என்று அர்த்தம். உயிரோடு இருக்கிறவன் இவ்வளவு நல்ல துணியைத் தூக்கிப் போடுவானா என்ற சந்தேகத்தில் பிறந்த பேர். அங்கேயும் தையல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து பிரித்து, வெட்டி, புது உடுப்பாக்கி விற்கிறார்கள். 2025 ஜனவரித் தொடக்கத்தில் அந்தச் சந்தையின் பெரும் பகுதி தீயில் எரிந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் பிழைப்பு ஒரே ராத்திரியில் சாம்பலானது.

இந்தியாவுக்கும் போகுது. கட்டத் தகுந்த பழந்துணியை இறக்குமதி செய்து உள்நாட்டில் விற்கக் கட்டுப்பாடு இருப்பதால், கிழித்து வெட்டின துணியாக ஹரியானா மாநிலத்துப் பானிபட்டுக்குப் போகிறது. அங்கே நிறவாரியாகப் பிரித்து, நாராக்கி, மறுபடி நூலாக்கி போர்வை நெய்கிறார்கள். இதைப் பற்றி மேக்னா குப்தா 2012-இல் ‘அன்ராவல்’ என்று ஒரு குறும்படம் எடுத்தார். அதில் வேலை செய்யும் பெண்கள், இவ்வளவு புதுத் துணியை எதுக்கு எறியறாங்க, அங்க துவைக்கத் தண்ணி விலை அதிகமோ என்று பேசிக்கொள்வார்கள். சிரிப்பா இருக்கும். சிரிச்சு முடிச்சதும் தொண்டையில ஏதோ அடைக்கும்.

இந்த நாராக்கும் தொழில் பிறந்த இடம் எங்க லீட்ஸுக்குப் பக்கத்து ஊர். 1813 வாக்கில் பேட்லியைச் சேர்ந்த பெஞ்சமின் லா பழைய கம்பளித் துணியை நாராக்கி, புதுக் கம்பளியோடு கலந்து நூற்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதற்கு ஷாடி என்று பேர். மட்டமான சரக்கு என்பதற்கு ஆங்கிலத்தில் அந்தச் சொல் இன்றைக்கும் ஓடுகிறது. பேட்லியும் டியூஸ்பரியும் அந்தத் தொழிலால் வளர்ந்த ஊர்கள். ஆக்ஸ்ஃபாம் தன் கடைகளில் விற்காத துணியைத் தரம் பிரிக்கிற மையமும் அதே பேட்லியில்தான் இருக்கிறது.

போறதுக்கு முன்னாடி மூணு விஷயம்

ஒண்ணு: மலிவா இருக்கேன்னு வாங்காதீங்க. தைக்காம கட்டில் அடியில கிடக்கிற பத்து சட்டை, கடையில வேற ஒருத்தருக்குப் போயிருக்க வேண்டிய பத்து சட்டை. கையில இருக்கிறதைத் தைச்சு முடிச்சாதான் அடுத்ததுன்னு ஒரு விதி வச்சுக்கங்க.

ரெண்டு: பெரிய அளவுப் பெண்கள் உடுப்பு நல்லதா, முழுசா இருந்தா அதை வெட்ட எடுக்காதீங்க. பருமனா இருக்கிற பெண்களுக்கு இந்தக் கடைகள்ல கிடைக்கிறதே கொஞ்சம். ஆம்பளைச் சட்டை, படுக்கை உறை, கறை பட்டது, ஜிப் போனது, இதுலயே நமக்கு வேண்டிய துணி தாராளமா கிடைக்கும்.

மூணு: நீங்க கொடுக்கறப்போ துவைச்சு, பட்டன் தைச்சு, மடிச்சுக் கொடுங்க. அடுத்தவங்க கையில வாங்கற பொருள் அது.

அடுத்த பதிவுல காலர் திருப்பித் தைக்கிறது எப்படின்னு படிப்படியா எழுதறேன். திரைச்சீலையில கோட்டுக்கு லைனிங் கொடுத்துப் பாத்தவங்க யாராவது இருந்தா வழக்கம் போல பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி: “நீ அங்க படிக்கப் போனியா, தைக்கப் போனியா?”ன்னு கேக்கப் போற அண்ணன்மார்களுக்கு: ஆய்வறிக்கை மூணாவது அத்தியாயம் போயிட்டிருக்கு. அதையும் பிரிச்சுப் பிரிச்சுத்தான் தைச்சிட்டிருக்கேன் :-)